முழந்தாளிடாமல் வைத்த மெழுகுவர்த்தி

என் சொற்பொழிவுகள் அனைத்துக்கும் ஒரே முடிவுரைதான் இருந்தது. இரங்கூன் நகரின் பசுந்தாங் பகுதியில், அரிசி ஆலைகளின் உமிச்சாம்பல் சன்னல் விளிம்பில் படிந்துகொண்டே இருக்கும் ஒரு மாடிக் கூடத்தில், எங்கள் தமிழ் வாலிபர் வாதச் சங்கம் ஞாயிறுதோறும் கூடியது. தலைப்பு எதுவானாலும் இறுதியில் சற்று நிறுத்துவேன். மேசைமேல் விரல்களை ஊன்றுவேன். "என் தாயின் பாட்டனார் அயர்லாந்துக்காரர். தலைவணங்க மறுத்த அந்நாட்டின் இரத்தம் இன்று இம்மேடையில் நின்று பேசுகிறது" என்பேன். அயர்லாந்து தன்னாட்சி பெற்ற செய்தி வந்து அதிக காலம் ஆகாத நாட்கள் அவை. கூடம் கைதட்டும். அந்த வாக்கியத்தால்தான் நான் சங்கத்தின் முதற்பேச்சாளன் ஆனேன்.

அந்தப் பாட்டனாரைப் பற்றி எனக்குத் தெரிந்தது சொற்பம். பஞ்சத்துக்குத் தப்பிக் கம்பெனிப் பட்டாளத்தில் சேர்ந்தவர். திருச்சிராப்பள்ளியில் தமிழ்க் கிறிஸ்தவப் பெண்ணொருத்தியை மணந்தவர். அவர்களுடைய மகன், என் தாயின் தகப்பனார், இரயில்வே வேலைக்காக இரங்கூன் வந்தார். மற்றவற்றை நாவன்மை நிரப்பிக்கொண்டது.

வழக்கமாக எதிரணியில் பேசும் நண்பன் துறைமுக அலுவலகத்தில் குமாஸ்தா. ஒரு ஞாயிற்றுக்கிழமை கூட்டம் கலைந்ததும் அவன் என்னைப் படிக்கட்டில் மறித்தான். பர்மியர் மரியாதைக்குச் சேர்க்கும் 'கோ'வை என்மேல் கேலியாகச் சூட்டுவது அவன் பழக்கம்.

"கோ பேச்சாளரே, உங்க அயர்லாந்துத் தாத்தாவோட குடும்பப் பேரு என்னா?"

சொன்னேன்.

"அப்ப சவுக்குத் துரையும் உங்க ஆளுதான்."

சவுக்குத் துரையை இரங்கூன் தமிழர் அனைவரும் அறிவர். முன்னொரு காலத்தில் சிறையில் கசையடி நிறைவேற்றிய வார்டர். அடம்பிடிக்கும் பிள்ளைகளை இன்றும் அவர் பெயரால் அடக்குவார்கள். அது பட்டப்பெயர். உண்மைப் பெயரை நான் கேட்டதில்லை.

"ஒனக்கு யார் சொன்னா?"

"எங்கப்பா. அடி வாங்குனவருக்குப் பேரு மறக்குமா? இன்னைக்கும் சட்டையக் கழட்டாமத்தான் குளிக்கிறாரு." அவன் சிரிக்கவில்லை. "ரத்தம் பேசுது, ரத்தம் பேசுதுங்கிறீங்க. எந்த ரத்தம்னு விசாரிச்சுட்டு வாங்க. வர்ற ஞாயித்துக்கெழம மேடையிலயே கேப்பேன்."

மறுத்துவிடலாம் என்றே நம்பினேன். ஒரே குடும்பப்பெயரை ஆயிரம் பேர் தாங்கலாம். ஐயத்தின் பயன் குற்றம் சாட்டப்பட்டவருக்கே உரியது. வாதத்தைக் கட்டிக்கொண்டு, சான்றுக்காக எங்கள் மாதா கோயிலுக்குப் போனேன். பங்குச் சாமியார் பழைய பதிவேட்டைத் திறந்தார். தாள்கள் சல்லடையாக இருந்தன.

"கறையானுக்கு வெள்ளக்காரன், தமிழன்னு பேதமில்ல தம்பி" என்றார். "ஒங்கம்மாவக் கேளேன்."

அம்மா மீன் அரிந்துகொண்டிருந்தாள். "இப்ப எதுக்கு அதெல்லாம்?" என்றாள். அடுத்த மீனை எடுத்தாள்.

அந்த வாரமே கல்லறைத் திருநாள் வந்தது. எங்கள் குடும்பக் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்து, சாமந்தி மாலையிட்டு, மெழுகுவர்த்தி ஏற்றினோம். பிறகு, ஆண்டுதோறும் செய்வதுபோல, அம்மா ஒரு மெழுகுவர்த்தியோடு மதிலோரம் போனாள். அங்கே சிலுவையும் எழுத்தும் இல்லாத மண்மேடு ஒன்று இருந்தது. செபிக்க ஆளில்லாத, பாவம் தீரத் தவித்து உத்தரிக்கிற ஆத்துமாவுக்கென ஒரு மெழுகுவர்த்தி வைப்பது எங்கள் மக்களிடையே உள்ள வழக்கம். இதுவும் அதுவே என்று சிறுவயது முதல் எண்ணியிருந்தேன். ஆனால் மற்றவர்கள் அத்தகைய கல்லறையில் முழந்தாளிடுவார்கள். அம்மா நின்றபடியே குனிந்து வைக்கப் போனாள். அதை அன்றுதான் பார்த்தேன்.

"ஏம்மா முட்டி போடல?"

"எங்கப்பா சொன்னது. மெழுகுவத்தி வை, முட்டி போடாதன்னு."

"யாரு இது?"

அம்மா காற்றுக்குக் கைமறைத்துச் சுடரைப் பார்த்தாள். "சவுக்குத் துரை. எங்கப்பாவோட அண்ணன்னு சொல்வாங்க. அண்ணன் தொப்பி போட்டுக்கிட்டுத் துரையாப் போயிட்டாரு, தம்பி தமிழனாவே இருந்துட்டாருன்னு. இல்ல, அது கப்பல்ல வந்த வேற ஆளு, பேருதான் ஒண்ணுன்னும் சொல்வாங்க. எங்கப்பா ரெண்டையும் சொல்லல. வருசா வருசம் மெழுகுவத்தி மட்டும் வாங்கிக் குடுப்பாரு."

"நீ என்ன நெனைக்கிற?"

"நான் நெனைச்சா மாறப்போவுதா? இந்தா, இத நீ வை."

வாங்கி வைத்தேன். உருகிய மெழுகு கட்டைவிரலில் விழுந்தது. சுட்டிருக்க வேண்டும். நான் அதை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிறன்று தலைப்பு, தன்னாட்சி தகுதியால் வருவதா, உரிமையால் வருவதா என்பது. மேடையேறியபோது கடைசி வரிசையில் நண்பனுக்கு அருகே, கழுத்துவரை பொத்தானிட்ட சட்டையில், ஒரு முதியவர் அமர்ந்திருந்தார். யாரென்று எவரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பேசினேன். சொற்கள் பயிற்சிப்படி வரிசையாக வந்தன. வேறொருவன் பேசக் கேட்பதுபோல் இருந்தது. முடிவுரைக்கான இடம் வந்தது. நிறுத்தினேன். விரல்களை மேசைமேல் ஊன்றினேன். வாக்கியம் நாவின் நுனியில் முழுமையாக இருந்தது. நான் அதைச் சொல்லவில்லை. ஆனால் கூடத்துக்கு அந்த நிறுத்தம் பழகியிருந்தது. வழக்கம்போல் கைதட்டினார்கள். அக்கம்பக்கத்தார் தட்டுவதைப் பார்த்து முதியவரும் தட்டினார். வணங்கிவிட்டு அமர்ந்தேன். வெட்கமோ ஆறுதலோ எதுவும் வரவில்லை.

நண்பன் எழுந்து தன் தரப்பைப் பேசினான். அந்தக் கேள்வியைக் கேட்கவில்லை.

கூட்டம் முடிந்தபின் படிக்கட்டின் மேற்படியில் நின்றிருந்தான்.

"விசாரிச்சீங்களா?"

"விசாரிச்சேன்."

"அவர்தானா?"

"இருக்கலாம்."

அவன் திரும்பி முதியவரின் கையைப் பிடித்தான். பிறகு, "அப்பாவுக்கு இந்தப் படியெல்லாம் ஆவாது. அந்தப் பக்கம் கொஞ்சம் புடிங்க" என்றான்.

முதியவரின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன். நன்றாகப் பேசியதாகச் சொன்னார். கீழே இறங்கும்வரை அவர் முதுகில் என் கை படாமல் பார்த்துக்கொண்டேன்.