விற்ற படகின் பெயர்

முப்பத்தெட்டாயிரம் குரோனர். 1978 மார்ச்சில், டென்மார்க்கின் ஏரோ தீவில், ஐகில் தோருப் தன் மீன்பிடிப் படகை விற்ற விலை. தத்து நிறுவனத்தின் கட்டணம், வக்கீல், கொரியாவிலிருந்து குழந்தையைத் தூக்கிவரும் பெண்ணின் விமானச் செலவு எல்லாம் போக, ஒரு தொட்டில் வாங்கத்தான் மிஞ்சியது. மறுவாரமே ஐகில் வேறொருவர் படகில் கூலிக்கு ஏறினார்.

கோபன்ஹேகன் விமான நிலையத்தில் அவரும் மனைவி எல்னாவும் கை நீட்டி வாங்கிய குழந்தையின் மணிக்கட்டில் மி-சுக் என்று எழுதிய பட்டை இருந்தது. எல்னா அதைக் கத்தரித்தாள். ஐகில் படகின் பெயரையே குழந்தைக்கு வைத்தார்: ரிக்மோர். அது அவருடைய அம்மா படகுக்கு இட்ட பெயர். தன்னிடம் இருந்ததிலேயே உயர்ந்ததைக் கொடுத்துவிட்டதாக நினைத்தார்.

பதினான்கு வயதில் தேவாலயத்தில் அவளுக்குத் திடப்படுத்தல், விசுவாசத்தை உறுதிசெய்யும் சடங்கு. விருந்தில் தகப்பன் பேசியாக வேண்டும். ஐகில் கிளாஸைத் தூக்கினார்.

"அந்த ரிக்மோரை வித்துத்தான் இந்த ரிக்மோரை வாங்கினேன்!"

"ரெண்டுல எது கம்மியா ஒழுகுது?" என்று கத்தினார் பக்கத்து வீட்டு பிரெபன். மேசையே குலுங்கிச் சிரித்தது.

பெண் சிரிக்கவில்லை. தட்டுகளை எடுத்து வைக்கும்போது கேட்டாள்.

"எனக்கு முன்னாடி வேற பேர் இருந்துச்சாப்பா?"

"இருந்துச்சும்மா. ஏரோ தீவுல யார் வாயிலயும் அது நுழையாது."

நாற்பதாவது வயதில், ஆர்ஹுஸ் நகரில் வேலையிலிருந்தபோது, அவள் மி-சுக் என்ற பெயரைச் சட்டப்படி திரும்ப எடுத்துக்கொண்டாள். அதன்பின் போனில் ஐகில் அவளை எந்தப் பெயரும் சொல்லிக் கூப்பிடவில்லை. "யாரு, நீயா?" என்பதோடு சரி.

இந்த மே மாதம் அவருக்கு எண்பது. பிறந்தநாள் விருந்துக்கு அழைத்தபோது மி-சுக் போனில் சொன்னாள்.

"வரேன்ப்பா. பந்தியில எல்லார் முன்னாடியும் ஒரு தடவை என் பேரைச் சொல்லுங்க. அது போதும்."

எல்னா உருளைக்கிழங்கு உரித்தபடி அவரைப் பழக்கினாள். "மி-சுக். இதுல என்ன கஷ்டம்? ஊர்ல இருக்கிற மீன் பேரெல்லாம் சொல்றீங்க." அன்று சரியாகவே சொன்னார்.

விருந்தில் எழுந்தார். "என் மக..." என்று நின்றார்.

"சத்தமா சொல்லுப்பா, இந்தக் கிழவனுக்குக் காது கேக்கல!" பிரெபன்தான்.

கிளாஸ் உயர்ந்ததும் வாயில் வந்தது பழைய பெயர். "ரிக்மோர்!" எல்லாரும் குடித்தார்கள்.

மி-சுக்கும் குடித்தாள். கைத்துண்டை மடித்து வைத்தாள். அம்மாவுக்கு முத்தம் கொடுத்துவிட்டு, அடுத்த ஃபெரியைப் பிடிக்கக் காரை எடுத்தாள். வாசலில் ஐகில் பெயரைச் சரியாகச் சொன்னார் என்கிறாள் எல்னா. கார் அதற்குள் தெருமுனை திரும்பிவிட்டது.

செப்டம்பரில் மி-சுக் கொரியாவுக்கு, சியோல் நகருக்குப் போகிறாள். விமானச் செலவைத் தான் தருவதாக ஐகில் சொல்லியனுப்பினார். அவள் ஏற்கெனவே டிக்கெட் வாங்கிவிட்டாள்.