வயிற்றில் ஒன்றும் இல்லை

அக்காவும் நானும் கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அப்பாவும் அம்மாவும் போன பிறகு ஸ்ரீரங்கத்தில் ஒரு சின்ன ஃபிளாட்டில் அக்கா தங்கை நாங்கள் இருவர் மட்டும் இருந்தோம். அக்கா கணக்கு டீச்சர். நான் திருச்சி கன்டோன்மென்டில் ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தேன்.

ஐம்பத்தாறு வயதில் அவளுக்கு அந்தத் தொல்லை தொடங்கியது. சாப்பிட்ட கொஞ்ச நேரத்தில் மேல்வயிறு உப்பிக்கொள்ளும். வலது விலாவுக்குக் கீழே பிடித்து, வலி தோள்பட்டை வரை ஏறும். எண்ணெய்ப் பண்டம் தின்றால் வாந்தி. இரண்டு மணி நேரத்தில் தானாக அடங்கிவிடும்; அவளும் விடைத்தாள் திருத்த உட்கார்ந்துவிடுவாள். அஜீரணம் என்றுதான் நினைத்தோம். ஓமத் தண்ணீர், சீரகத் தண்ணீர், மருந்துக்கடையில் கேட்டு வாங்கிய மாத்திரை என்று இரண்டு வருஷம் ஓடியது.

கடைசியில் எண்டோஸ்கோபி செய்தோம். இரைப்பை சுத்தமாக இருக்கிறது, எதற்கும் ஒரு ஸ்கேன் எடுத்துவிடுங்கள் என்றார் டாக்டர். நாங்கள் முதல் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டோம். பொதுத் தேர்வு முடியட்டும் என்றாள் அக்கா. நானும் சரி என்றேன்.

அந்தக் கோடையில் மண்ணச்சநல்லூரில் சித்தப்பா பேத்தியின் கல்யாணம். பந்தியில் அக்கா தயிர் சாதம் மட்டும் போதும் என்று கையை மறித்தாள். வடை பரிமாறியவர்கள் விடவில்லை. எல்லோரும் பார்க்கிறார்களே என்று எனக்குக் கூச்சமாக இருந்தது.

"டாக்டரே வயித்துல ஒண்ணும் இல்லன்னுட்டார். எல்லாம் உன் மனசுதான் அக்கா" என்றேன், பக்கத்து இலைக்குக் கேட்கும்படி.

அவள் மறித்த கையை எடுத்தாள். வடையை வாங்கினாள். முழுதாகத் தின்றாள். நெய் விட்ட பருப்பும் பாயசமும் சாப்பிட்டாள்.

அன்று சாயங்காலம் வந்த வலி அடங்கவில்லை. மறுநாள் காலை கண்கள் மஞ்சளாகியிருந்தன. ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்தார்கள். பித்தப்பை நிறையக் கற்கள். ஒன்று நழுவிக் குழாயை அடைத்ததில் கணையமும் வீங்கிவிட்டது. கொழுப்பான சாப்பாடு உள்ளே போனால் பித்தப்பை சுருங்கும், கல் இருந்தால் அப்போதுதான் வலிக்கும், அதை வயிற்றுக் கோளாறு என்று பலரும் நினைத்துவிடுவார்கள் என்று சர்ஜன் விளக்கினார்.

பதினோராம் நாள் மத்தியானம் அக்கா போய்விட்டாள்.

காரியங்கள் முடிந்து அந்த சர்ஜனைத் தேடிப் போய், கல்யாணச் சாப்பாட்டாலா என்று கேட்டேன்.

"அப்படிச் சொல்ல முடியாதும்மா. கல்லு என்னைக்கு வேணா நழுவியிருக்கும். ஆனா முன்னாடியே எடுத்திருக்கலாம்" என்றார்.

முதல் வாக்கியத்தை நம்ப எத்தனையோ தடவை முயன்றுவிட்டேன்.

போன வருஷம் எனக்கும் அதே இடத்தில் வலித்தது. அடுத்த நாளே ஸ்கேன் எடுத்தேன். இரண்டு கற்கள். ஆபரேஷனுக்கு முன்னால் நர்ஸ் ஒரு படிவத்தை நீட்டி, கூட யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டார். எதிர் ஃபிளாட்டு அம்மாதான் கையெழுத்துப் போட்டார். என்ன உறவு என்று எழுத வேண்டிய இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு அவர் என்னைப் பார்த்தார்.

"அக்கான்னு போடுங்க" என்றேன்.