ஈசானியத்தில் இருந்த மீட்டர்

எங்கள் சேலையூர் வீட்டில் கரண்ட் மீட்டர் வடகிழக்கு மூலையில் இருந்தது. அப்பாதான் அங்கே வைக்கச் சொன்னார். தாம்பரத்தில் மின்சார ரயில்களைப் பழுதுபார்க்கும் இடத்தில் முப்பது வருடம் எலக்ட்ரீஷியனாக இருந்தவர். தெருக் கம்பத்துக்கு அந்த மூலைதான் பக்கம், சாரல் அடிக்காது, ஃப்யூஸ் போனால் தன் கட்டிலிலிருந்து நாலு எட்டில் போய்விடலாம். அவ்வளவுதான் அவர் பார்த்தது. அதில் ஒரு தப்பும் இல்லை. தப்பெல்லாம் நான் செய்தது.

தொண்ணூறுகளின் நடுவில் அப்பாவுக்கு இதயம் பலவீனமாகி நுரையீரலில் நீர் கோக்க ஆரம்பித்தது. படுத்தால் மூச்சு முட்டும். மூன்று தலையணையை அடுக்கிச் சாய்ந்துதான் தூங்குவார். தலைக்கு மேல் ஃபேன் முழு வேகத்தில் ஓடவேண்டும். ஐந்து நிமிடம் கரண்ட் போனாலும் சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டு ஜன்னலைப் பார்ப்பார். மாத்திரை, உப்பில்லாத சாப்பாடு, நல்ல காற்று, இதற்குமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

ஒன்றுமில்லை என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. நிச்சயமான கல்யாணம் முந்தின வருடம்தான் நின்று போயிருந்தது. அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து, இடுப்பு எலும்பு முறிந்து, சுவரைப் பிடித்து நடந்துகொண்டிருந்தாள். இத்தனைக்கும் சேர்த்து ஒரே ஒரு காரணம் கிடைத்தால் போதும் என்றிருந்தது. அது வாஸ்துவில் கிடைத்தது.

அந்த வருடங்களில் ஊரையே வாஸ்துப் பைத்தியம் பிடித்து ஆட்டியது. கேம்ப் ரோடு பக்கம் தெருவுக்கு இரண்டு வீட்டில் வாசலை இடித்துத் திருப்பிக்கொண்டிருந்தார்கள். என்னோடு வேலை பார்த்தவள் ஒரு வாஸ்துக்காரரைக் கூட்டிவந்தாள். உள்ளங்கையில் திசைகாட்டியை வைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வந்தவர், மீட்டரைப் பார்த்ததும் நின்றுவிட்டார்.

"ஈசானியம் தண்ணியோட இடம்மா. அங்க போய் நெருப்பை மாட்டி வெச்சிருக்கீங்களே. குடும்பத் தலைவரைத்தான் முதல்ல தாக்கும்."

மீட்டரைத் தென்கிழக்கில், அக்கினி மூலைக்குக் கொண்டுபோகவேண்டும். அது மாட்டியிருந்த சுவரையும் இடித்து ஈசானியத்தைத் திறந்துவிடவேண்டும். இரண்டும் ஒரே நல்ல நேரத்துக்குள் நடக்கவேண்டும். அதன்பிறகு அந்தப் பக்கம் ஒரு கம்பிகூட இருக்கக்கூடாது. அவர் சொல்லச் சொல்ல நான் நோட்டில் எழுதிக்கொண்டேன். பிஎஸ்ஸி பௌதிகம் படித்தவள் நான்.

கனெக்ஷன் அப்பா பேரில் இருந்ததால் மின்வாரியத்துக்குத் தரும் விண்ணப்பத்தில் அவர்தான் கையெழுத்துப் போடவேண்டும். படித்துப் பார்த்தார்.

"மூச்சு வாங்கறது எனக்குத்தாம்மா, மீட்டருக்கு இல்லையே" என்றார்.

சொல்லிவிட்டுக் கையெழுத்தும் போட்டார். கல்யாணம் நின்றதிலிருந்து அவர் என்னிடம் எதற்கும் மாட்டேன் என்று சொன்னதில்லை. நான் அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

மே மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, பத்தரைக்கு ராகு காலம் பிறப்பதற்குள் முடிக்கவேண்டும் என்று நாள் குறித்தோம். தென்கிழக்கில் புதுப் பலகை அடித்து, ஒயர் இழுத்து எல்லாம் ஆயிற்று. எர்த்துக்குக் குழி தோண்டிக் குழாய் இறக்குவது மட்டும் பாக்கி.

"எர்த்து அப்புறம் போட்டுக்கலாங்க்கா. அவங்க வந்து தோண்டியா பாக்கப் போறாங்க?" என்றான் வயர்மேன்.

அப்பாவிடம் நான் இதைச் சொல்லவில்லை. சொன்னால் வேலையை நிறுத்தச் சொல்லிவிடுவார், நல்ல நேரம் போய்விடும்.

வெள்ளிக்கிழமை ஒன்பதரைக்கு லைன்மேன் வந்து கம்பத்தில் இணைப்பைப் பிரித்து, மீட்டரைக் கழற்றித் திண்டில் வைத்தார். புதுப் பலகையை இன்ஜினியர் பார்த்த பிறகுதான் மாட்டமுடியும், அவர் வந்துகொண்டிருக்கிறார் என்றார். லைன்மேன் தேநீர் குடிக்கப் போன நேரத்தில் நான் கொத்தனாரிடம் இடிக்கச் சொன்னேன். பத்தேகாலுக்கெல்லாம் சுவர் தரையில் கிடந்தது. திரும்பி வந்த லைன்மேன் வாயைப் பிளந்தார்.

"இன்னாம்மா, செவுத்தையே காணோம்?"

பதினொரு மணிக்கு வந்த இன்ஜினியர் முதலில் எர்த்தைத்தான் கேட்டார். இல்லை என்றதும் கையை விரித்தார். எர்த் இல்லாமல் கனெக்ஷன் கொடுத்து யாராவது செத்தால் யார் பதில் சொல்வது என்றார். அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. பழைய இடத்திலேயே திரும்ப மாட்டிக் கொடுங்கள் என்று கெஞ்சினேன். பழைய இடம் எங்கே இருக்கிறது என்று கேட்டார். மறுநாள் இரண்டாம் சனிக்கிழமை, அலுவலகம் விடுமுறை. திங்கட்கிழமை வருகிறேன் என்று போய்விட்டார்.

அம்மா நாற்காலியில் உட்கார்ந்து பனையோலை விசிறியால் வீசினாள். அவள் கை ஓய்ந்தால் நான் வீசினேன். சாயங்காலத்துக்குள் அப்பாவின் பனியன் நனைந்து உடம்போடு ஒட்டிக்கொண்டது. குழி தோண்டிக்கொண்டிருந்த சத்தத்தைக் கேட்டு, "எர்த்து போடலியா?" என்று மட்டும் கேட்டார். அதற்குமேல் பேச மூச்சு இல்லை.

வடக்கு வீட்டில் இரும்புக்கடை வைத்திருந்த பாய், சனிக்கிழமை காலையில் கையில் ஒரு சுருள் ஒயரோடு இடித்த சுவரோரம் வந்து நின்றார்.

"தங்கச்சி, எங்க வூட்லேர்ந்து ஒரு ஒயர் போட்டுடறேன். பெரியவருக்கு அந்த ஒரு ஃபேன் மட்டுமாவது ஓடட்டும்."

அவர் ஒயரை நீட்டிய இடம் ஈசானியம். ஒரு கம்பிகூடக் கூடாது என்று எழுதி வைத்திருந்தேனே, அந்த மூலை. இத்தனையும் செய்துவிட்டு அதே வழியாக நெருப்பை உள்ளே விடுவதா என்று தோன்றியது.

"வேணாம் பாய். திங்கக்கிழமை வந்துடும்" என்றேன்.

"அவர் மூச்சு விடறதைப் பாருடி, பாவி" என்று அம்மா உள்ளேயிருந்து கத்தினாள். பாய் ஒயரைச் சுருட்டிக்கொண்டு போனார். வாஸ்துக்காரர் அன்றைக்கு எங்கள் வீட்டில் இல்லை. பழியைப் போட எனக்கு வேறு ஆளே கிடையாது.

மதியம் அப்பாவின் உதடு நீலம் பாய்ந்தது. ஆட்டோவில் இரண்டு பக்கமும் நாங்கள் தாங்கிப் பிடிக்க, ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். ஊசி போட்டு, ஆக்ஸிஜன் வைத்து, ஒருவழியாக மூச்சைச் சீராக்கினார்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலை தெளிவாக இருந்தார். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார்.

"மீட்டரை மாட்டிட்டாங்களா?"

"மாட்டிட்டாங்கப்பா. உங்க ஃபேன் ஓடுது."

"அப்ப வீட்டுக்குப் போலாம்மா."

டாக்டர் வரட்டும் என்றேன். சட்டையைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டு, வார்டு வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். டாக்டர் இவரை இன்றைக்கு வீட்டுக்கு அனுப்பிவிடக்கூடாது என்று நான் எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டேன்.

அனுப்பவில்லை. இரண்டு மணிக்கு, அந்தச் சட்டையோடு, அப்பா போய்விட்டார்.