படலை மறித்து உட்கார்ந்த ஞானப்பூ அத்தை

ஞானப்பூ அத்தை ஒரு தடவை முறைத்தால் மணியாச்சியில் நிற்கும் எக்ஸ்பிரஸ் வந்த வழியே திரும்பிப் போய்விடும். புதூர்ப் பக்கம் மழை குறைவதற்கு விஞ்ஞானிகள் என்னென்னவோ சொல்கிறார்கள். உண்மையான காரணம், மேகங்களுக்கு அத்தையிடம் அனுமதி கேட்கப் பயம். பிடிவாதத்தில் இந்தப் பூமியில் அவருக்கு ஈடு கிடையாது. அவருடைய கிடா மட்டும் கொஞ்சம் கிட்டே வரும்.

சபை ஆண்டு மலருக்கு அவரைப் பற்றி எழுதச் சொல்லி உபதேசியார் என்னைப் பிடித்தார். ஒழுங்காகப் படித்த பிள்ளைகள் எல்லாம் திருப்பூருக்கும் கோயம்புத்தூருக்கும் போய்விட்டதால் எனக்கு அடித்த யோகம் இது.

அத்தைக்கு ஐம்பதைத் தாண்டிவிட்டது. வீட்டுக்காரர் தவறிவிட்டார். மகள் பனியன் கம்பெனியில் இருக்கிறாள். ஊருக்குக் கிழக்கே கருவேலங்காட்டை ஒட்டி அத்தையின் ஆட்டுப்பட்டி. ஆடுகளையும் ஆட்களையும் ஒரே குரலில்தான் அதட்டுவார். ஆடுகள் உடனே கேட்கும்.

பட்டிக்கு அடுத்த புன்செய்க் காடு வன்னியபெருமாள் அண்ணாச்சியுடையது. மழை பொய்த்த ஒரு வருஷம் அவருடைய சோளம் முழங்கால் உயரத்திலேயே வாடி நின்றது. அப்படி வாடிய சோளத்தை ஆடு மேய்ந்தால் விஷம். எங்கள் ஊரில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் இது தெரியும். அத்தையின் ஆடுகள் அடிக்கடி வேலி தாண்டி வந்த எரிச்சலில், அன்றைக்கு அண்ணாச்சி விரட்டவில்லை. வேலி முள்ளை அவரே விலக்கிவிட்டார். பொழுது சாயுமுன் பாதி மந்தை வயிறு உப்பிச் செத்துக் கிடந்தது.

யாரும் பார்க்கவில்லை. அண்ணாச்சிதான் மனசு கேட்காமல், ஞாயிற்றுக்கிழமை சபைக் கோயில் வாசலில் வந்து நின்று அத்தையிடம் சொன்னார். அத்தை திரும்பி நடந்தார். அந்தக் கோடை முழுக்க அவரோடு பேசவில்லை. விசுவாசி என்றால் உடனே மன்னித்துவிடுவார் என்று எழுதினால் ஆண்டு மலருக்கு அழகாக இருக்கும். ஆனால் அது பொய்.

அடுத்த பெரிய வெள்ளியன்று மூன்று மணி நேரம் நடக்கும் மும்மணி ஆராதனை. சிலுவையில் இயேசு சொன்ன ஏழு வார்த்தைகளையும் ஒவ்வொன்றாகப் பிரசங்கிப்பார்கள். ஆறாவது வார்த்தை, ‘முடிந்தது.’ மனுசருடைய பாவத்துக்காகச் செய்ய வேண்டியதை எல்லாம் அவர் செய்துவிட்டார், இனி நாம் சேர்க்க வேண்டிய பாக்கி ஒன்றுமில்லை என்று குருவானவர் விளக்கினார். ஏழாவது வார்த்தைக்கு முன்னால் அத்தை எழுந்து வெளியே போய்விட்டார். மயக்கமோ என்று பெண்கள் பதறினார்கள். அத்தை உச்சிவெயிலில் நேரே அண்ணாச்சியின் காட்டுக்குப் போய், “ஏலே பெருமாளு, ஒன்ன மன்னிச்சிட்டேன். முடிஞ்சுபோச்சு” என்று சொல்லிவிட்டுத் திரும்பி, கடைசி ஜெபத்துக்கு வந்து சேர்ந்தார்.

முடியவில்லை. மறுநாள் விடியுமுன் அண்ணாச்சி கம்போடு பட்டியில் நின்றார். “நான் மேய்க்கேன்க்கா. அப்பவாவது எம் பாவம் தீருதான்னு பாப்போம்.” அத்தை திட்டினார். உமாராணி அக்காவை விட்டு, அதாவது அண்ணாச்சியின் மனைவியை விட்டு, சொல்லிப் பார்த்தார். அண்ணாச்சி கேட்கவில்லை. வருஷக்கணக்காகச் சம்பளமில்லாமல் மேய்த்தார். அவருடைய காட்டில் களைதான் விளைந்தது.

போன ஐப்பசியில் ஒரே ஒரு நல்ல மழை. கரிசலில் அந்த ஈரம் காயுமுன் விதைத்தால் உண்டு, இல்லையென்றால் அந்த வருஷமே போச்சு. உமாராணி அக்கா உளுந்தில் மருந்து கலந்து, டிராக்டருக்கும் சொல்லிவிட்டார். அண்ணாச்சியோ வழக்கம்போல் பட்டிக்கு வந்துவிட்டார்.

வந்து பார்த்தால், பட்டியின் வாசலில் இருக்கும் முள்படலை மறித்து அத்தை உட்கார்ந்திருந்தார்.

“எந்திரிங்கக்கா, ஆடு பத்தணும்.”

“இன்னைக்கு ஆடு மேயாது. போய் வெதை.”

“ஆடு பட்டினி கிடக்கும்லா.”

“ஒன் பிள்ளைக வருசம் பூரா பட்டினி கிடக்கலாமாக்கும்?”

அண்ணாச்சியும் எதிரே உட்கார்ந்துவிட்டார். வேடிக்கை பார்க்க நானும் வேலி ஓரம் போய் நின்றேன். வெயில் ஏறியது. ஆடுகள் கத்தின. ஒவ்வொரு கத்தலுக்கும் அத்தையின் முகம் சுருங்கியது. ஆனால் ஆள் அசையவில்லை. உமாராணி அக்கா ஓடிவந்தார்.

“ஏங்க, டிராக்டர்காரன் எப்போதும்வென்றான் ஊருக்குக் கிளம்புதான். இன்னைக்கு விட்டா அவன் வரவே மாட்டான்!”

“நான் பண்ணுன பாவத்துக்கு எனக்கு வெள்ளாமை ஒரு கேடா?” என்றார் அண்ணாச்சி. “ஒங்க ஆண்டவரு மன்னிச்சாலும் எம் மனசு மன்னிக்கலியேக்கா.”

“ஒம் மனசு என்னலே, அவருக்கு மேல பெரிய கோர்ட்டா?” அத்தைக்குக் குரல் ஏறியது. “சிலுவையில தொங்கிக்கிட்டு ‘முடிந்தது’ன்னாரு. ‘மிச்சத்த வன்னியபெருமாள் பாத்துக்கிடுவான்’னு சொன்னாரா?”

நான் சிரித்துவிட்டேன். உமாராணி அக்காவும்தான். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

அத்தை குரலை இறக்கினார். “பெருமாளு, நீ கம்போட வந்து நிக்கும்போது எனக்கு ஒன் மொகம் தெரியலலே. செத்த ஆடுதான் தெரியுது. நான் ஒரு கோடை பூரா அழுது பொதச்சத நீ தெனமும் விடியக்காலம் தோண்டி எடுக்குத. என்னைய நிம்மதியா மன்னிக்க விடமாட்டியா?”

அண்ணாச்சி கம்பைத் தரையில் ஊன்றினார். பிறகு எழுந்தார்.

“அப்ப இனி நான் வரக்கூடாதாக்கா?”

“யாரு வராதன்னா? சாயங்காலம் காப்பி குடிக்க வா. கம்ப வீட்டுல வச்சிட்டு வா.”

அண்ணாச்சி ஓடினார். அந்த உடம்பு ஓடும் என்று அதுவரை எனக்குத் தெரியாது. இருட்டுமுன் கடைசிச் சாலிலும் உளுந்து விழுந்துவிட்டது.

இவ்வளவையும் எழுதி அத்தைக்குப் படித்துக் காட்டினேன். குட்டிக்குப் பால் புகட்டிக்கொண்டே கேட்டார்.

“எல்லாம் சரி. அன்னைக்கு மத்தியானம் பட்டிக்குப் பொறத்தாடி இருந்து வேப்பங்குழை ஒடிச்சு ஆட்டுக்குப் போட்டது யாருன்னு எழுதலியே?”

“எந்தக் குழை?”

“ஆடு கத்துத கத்துல நான் மனசு எளகிப் படலைத் தெறந்துரக் கூடாதுன்னு ஒருத்தன் போட்டானே, அந்தக் குழை.”

“கொரங்கா இருக்கும் அத்த.”

அத்தை கூரை இடுக்கில் கைவிட்டு, அன்றைக்குக் காணாமல்போன என் இடதுகால் செருப்பை எடுத்து என் மடியில் போட்டார். “நம்மூருக் கொரங்கு எப்ப இருந்துலே செருப்பு மாட்டுது?”