நான் தேய்க்காத கால்

எங்கள் கோயிலில் பெரிய வியாழனன்று, இயேசு தம் சீடர்களுக்குச் செய்ததுபோல, சாமியார் பன்னிரண்டு பேரின் பாதத்தைக் கழுவி முத்தமிடுவார். ஆளுக்கு ஒரு கால்தான், அதுவும் வலது கால். தொண்ணூறுகளில் ஒரு தவக்காலத்தில் அந்தப் பன்னிரண்டு பேரில் என் வீட்டுக்காரரையும் சேர்த்தார்கள். சாந்தோமில் எங்கள் தெரு முழுக்கச் சொல்லிவிட்டுத்தான் அன்றைக்கு நான் உலையே வைத்தேன்.

அவர் தி.நகரில் ஒரு ஜவுளிக்கடையில் சேலை எடுத்துப் போடுகிறவர். கடை அடைக்கும்வரை வெறுங்காலில் நிற்கிற வேலை. குதிகால் இரண்டும் வெடித்துக் கிடக்கும். போதாததற்கு, ஷட்டர் விழுந்து இடது கால் கட்டைவிரல் நகம் கறுத்துக் கோணலாக முளைத்திருந்தது. கடையில்கூட அந்தக் காலை மற்றதற்குப் பின்னால் மறைத்துக்கொண்டேதான் நிற்பார்.

ஊரே பார்க்கப்போகிற காலாயிற்றே, விடுவேனா? ஒரு வாரம் தினமும் காலையில் அவரை முக்காலியில் உட்காரவைத்து, கீழே குந்திக்கொண்டு வலது காலை வெந்நீர் விட்டுக் கல்லால் தேய்த்தேன்.

"போதும்மே, தோல் உரிஞ்சிடப் போவுது" என்பார்.

"சும்மா இருங்க. எங்க அக்கா வூட்ல எல்லாரும் வராங்க."

இடது காலை நான் தொடவே இல்லை. அதுதான் ஷூவுக்குள் இருக்கப்போகிறதே, யார் பார்க்கப்போகிறார்கள்?

அன்று மாலை அக்காவோடு முன் வரிசையில் உட்கார்ந்திருந்தேன். பீடத்துக்கு முன்னால் சாமியார் ஒவ்வொருவரிடமும் மண்டியிட்டுக் கழுவிக்கொண்டு வந்தார். இவர் முறை வந்தது. இவர் குனிந்து இடது ஷூவைக் கழற்றினார். கறுத்த நகத்தோடு அந்தக் கால் வெளியே வந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். எனக்கு முகம் சுண்டிப்போயிற்று. சாமியார் அந்தக் காலையே கையில் ஏந்தினார். தண்ணீர் ஊற்றி, துடைத்து, அந்த நகத்தின் பக்கத்திலேயே முத்தமிட்டார்.

வீட்டு வாசலில்தான் வெடித்தேன்.

"மானத்த வாங்கிட்டீங்களே. அந்தக் காலையா நீட்டுவீங்க?"

அவர் ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னார். "வலது காலைத்தான் ஒரு வாரமா நீ குந்திக்கினு கழுவினியே. அந்தக் காலுக்கு அதுவே போதும்னு தோணிச்சு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. என் பெருமைக்காக நான் தேய்த்ததை, இந்த மனுஷன் பாதம் கழுவுவதாகவே நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார்.