சமத் பாய் கடையின் ஒரிஜினல் செட்டு

ஆம்பூரில் ஞானமுத்து மாதிரி வீம்பு பிடித்த ஆளை லேசில் பார்க்க முடியாது. ஷூ கம்பெனியில் மெயின்டனன்ஸ் வேலையில் பல வருஷம் இருந்தவர், சூப்பர்வைசரோடு நடந்த ஒரு வாய்த்தகராறில் வேலையை உதறிவிட்டு வந்தார். வீட்டுக்குப் பக்கவாட்டில் ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்டு, ஒரு பழைய லேத்தையும் ஒரு டிரில்லிங் மெஷினையும் இறக்கினார். ஆறே மாதத்தில் இழுத்து மூடிவிடுவார் என்று சொந்தக்காரர்கள் வாய்க்கு வந்தபடி பேசினார்கள். மூடவில்லை. உதறிவிட்டு வந்த அதே கம்பெனிதான் வேலையைத் தூக்கிக்கொண்டு அவர் வாசலுக்கு வந்தது.

வேலை இதுதான். ஷூவின் மேல்தோலில் அழகுக்காகச் சின்னச் சின்ன ஓட்டைகள் வரிசையாக இருக்கும் அல்லவா, அவற்றைக் குத்துவதற்கு ஊசி பதித்த இரும்புத் தகடு வேண்டும். அந்த ஊசிகள் உட்காருவதற்கான துளைகளை ஞானமுத்து போட்டுக் கொடுப்பார். மெஷினில் மாட்டித் துளை போடும் பிட் ஊசி கனம்தான் இருக்கும். இடது கையால் தகட்டை நகர்த்திப் புள்ளிக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, வலது கையால் மெஷினின் கைப்பிடியை இறக்க வேண்டும். பிட் உள்ளே இருக்கும்போது தகடு கொஞ்சம் அசைந்தாலும் பிட் ஒடிந்து உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அப்புறம் அந்தத் தகடு குப்பைக்குத்தான் போகும்.

போன மழைக்காலத்திலிருந்து பிட் ஒடிய ஆரம்பித்தது. முதலில் வோல்டேஜ் கம்மி என்று கரண்டைத் திட்டினார். பிறகு இரும்பைத் திட்டினார். பிறகு மகள் ஹெப்சி ஆன்லைனில் வாங்கி அனுப்பிய பிட் செட்டைத் திட்டினார். தகட்டைக் கிளாம்ப் போட்டு இறுக்கிப் பார்த்தபோது பிட் ஒடியவில்லை, ஆனால் ஓட்டை புள்ளியை விட்டு விலகிப் போனது. உடனே கிளாம்புக்கும் திட்டு விழுந்தது. அவர் திட்டாமல் விட்டது ஒன்றே ஒன்றுதான், தன் இடது கை. சும்மா இருக்கும்போது அதன் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் எதையோ உருட்டுவதுபோல் தானாக அசைந்துகொண்டிருந்தன. யாராவது பார்த்தால் கையைப் பேன்ட் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொள்வார்.

இந்தப் பாக்கெட் வித்தை மனைவி கிரேஸியிடம் பலிக்கவில்லை. அவள் வேலூரில் நர்ஸாக இருந்து ரிட்டயர் ஆனவள். அவர் நடக்கும்போது இடது கை வீசாமல் தொங்குவதையும், சட்டைப் பித்தான் போட அவர் திணறுவதையும் பார்த்து வைத்திருந்தாள். நோயின் பெயர்கூட அவளுக்குத் தெரியும். அதை வாய்விட்டுச் சொல்லத்தான் பயமாக இருந்தது.

“வேலூருக்குப் போயி டாக்டரை ஒருவாட்டி பாத்துட்டு வந்துடலாங்க” என்றாள்.

“எனக்கு இன்னா வந்துச்சு? பிட்டு சரியில்லாததுக்கு டாக்டர் இன்னா பண்ணுவாரு?”

“பிட்டுதான் சரியில்லையா?”

“சமத் பாய் கடையில ஒரிஜினல் செட்டு வாங்கியாறேன். அதுவும் ஒடிஞ்சா நீ கூப்பிடற எடத்துக்கு வர்றேன். போதுமா?”

“ஆண்டவர் கேட்டுக்கினு இருக்காரு. அப்புறம் பேச்சு மாறக் கூடாது.”

அப்துல் சமத்தின் டூல்ஸ் கடையில் டூப்ளிகேட் கிடையாது என்பது ஆம்பூர் பட்டறைக்காரர்கள் எல்லோருக்கும் தெரியும். அசல் கம்பெனியின் அட்டைப்பெட்டியை அப்படியே காப்பியடித்த சரக்கோடு வந்த ஒரு ஏஜென்ட்டின் பெட்டியை அவர் தெருவில் வீசியது ஊர் முழுக்கப் பேச்சாக இருந்தது. டூப்ளிகேட் விஷயத்தில் தன் தம்பியோடுகூடப் பேச்சை நிறுத்தியவர். ஞானமுத்துவுக்கு அவர் பழைய தோஸ்த்.

பாய் இரும்புப் பெட்டி ஒன்றைத் திறந்து காட்டினார். சின்னதிலிருந்து பெரியதுவரை பிட்டுகள் தத்தம் ஓட்டையில் வரிசையாக நின்றன.

“நல்ல சாமான் தோஸ்த். கெட்டி ஜாஸ்தி. ஆனா பக்கவாட்டுல இழுத்தா தாங்காது. சீப்பான பிட்டு கொஞ்சம் வளைஞ்சாவது குடுக்கும், இது குடுக்காது. கை ஸ்டெடியா இருக்கணும்.”

“எனக்கே சொல்லித் தர்றீங்களா பாய்?”

ஞானமுத்து மறதியாக இடது கையால் பெட்டியை வாங்கிவிட்டார். உள்ளே பிட்டுகள் கலகலவென்று சத்தம் போட்டன. பாய் பெட்டியைப் பார்த்தார், கையைப் பார்த்தார், பெட்டியைத் திரும்ப வாங்கி ஒரு பையில் போட்டுக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் மெஷினில் உட்கார்ந்தார். மேஜையில் கம்பெனித் தகடு காத்திருந்தது. முதல் வரிசை வெண்ணெயில் இறங்குவதுபோல் இறங்கியது. “கிரேஸி, இங்க வந்து பாரு! இன்னா சொன்னேன் நான்?” என்று கத்தினார். அவள் வாசற்படியில் வந்து நின்று பார்த்தாள். தான் நினைத்தது பொய்யாகப் போகட்டும் என்று அந்த நிமிஷம் மனதார வேண்டிக்கொண்டாள்.

இரண்டாவது வரிசையில் டிக்கென்று ஒடிந்தது. தகடு போனாலும் போகட்டும் என்று வேறொன்று மாட்டினார், அதுவும் ஒடிந்தது. இன்னொன்று மாட்டும்போது பிட் விரலிலிருந்து நழுவிக் கீழே விழுந்தது. திரும்பிப் பார்த்தால் வாசற்படியில் கிரேஸி இல்லை. சொல்லிக் காட்டியிருந்தால்கூடச் சண்டை போட்டிருக்கலாம். அவள் பேசாமல் உள்ளே போனதுதான் அவருக்குப் பொறுக்கவில்லை. ஒடிந்த துண்டுகளைப் பெட்டியில் அள்ளிப் போட்டுக்கொண்டு பஜாருக்குக் கிளம்பிவிட்டார்.

கடையில் நல்ல கூட்டம். ஷூ கம்பெனி ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்ளும் நயீம் அகமதும் அங்கே நின்றிருந்தான். ஞானமுத்துவுக்குத் தகடு வேலை கொடுப்பவன் அவன்தான். கம்பெனிக்கு வேண்டிய பிட் செட்டுகளைப் பொறுக்கி முன்னால் அடுக்கி வைத்திருந்தான்.

“பாய்! உங்க கடையிலயே டூப்ளிகேட்டா? என் தலையிலயா கட்டணும்?” என்று பெட்டியை மேஜையில் அடித்து வைத்தார் ஞானமுத்து.

பாய் எகிறப்போகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். ஞானமுத்துவும் அதற்குத் தயாராகத்தான் நின்றார். பாய் ஒரு துண்டை எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு ஞானமுத்துவின் இடது கையைப் பார்த்தார். கோபத்தில் அதைப் பாக்கெட்டில் ஒளிக்க அவர் மறந்திருந்தார்.

“ஆமா தோஸ்த்” என்றார் பாய் மெதுவாக. “டூப்ளிகேட்தான். இந்த லாட்டுல ஏமாந்துட்டேன். தப்பு என்னுது. மன்னிச்சிரு.”

சண்டையில் ஜெயித்தவர் படியிறங்கித் தெருவுக்கு வந்தார். வீட்டுக்குப் போய் கிரேஸியிடம் சொல்லலாம், ஆஸ்பத்திரிப் பேச்சும் இதோடு முடிந்தது. ஆனால் படிக்குக் கீழேயே நின்றுவிட்டார். சரக்கு விஷயத்தில் சமத் பாய் யாருக்கும் இப்படிப் பணிந்து அவர் பார்த்ததே இல்லை. பாய் தன் இடது கையைப் பார்த்தது அப்போதுதான் ஞாபகம் வந்தது.

நயீம் வெறுங்கையோடு வெளியே வந்தான். அடுக்கி வைத்த செட்டுகள் அங்கேயே கிடந்தன.

“நல்ல வேளைண்ணா, நீங்க வந்து சொன்னீங்க. இவரையே நம்பிக்கினு இருந்தோம். இனிமே சென்னையில வாங்கிக்கறோம். மத்தவங்களுக்கும் சொல்லிடறேன். ஆமா, நம்ம பிளேட்டு எப்போ ரெடியாவும்?”

ஏதாவது ஒரு கிழமையைச் சொல்லிவிட்டு நடையைக் கட்டியிருக்கலாம். அப்படிச் சொல்லத்தான் வாயைத் திறந்தார். கடைக்குள்ளே பாய் தலை நிமிராமல், நயீம் வைத்துவிட்டுப் போன பெட்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்துக்கொண்டிருந்தார்.

ஞானமுத்து நயீமின் கையைப் பிடித்துத் திரும்பவும் கடைக்குள் இழுத்துக்கொண்டு போனார். இடது கையால்தான் பிடித்தார். நயீம் குனிந்து அந்தக் கையைப் பார்த்தான்.

“பாய் பொய் சொல்றாரு” என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னார். “சாமான் ஒரிஜினல்தான். என் கைதான் ஆடுது. ரொம்ப நாளா ஆடுது. என்னைக் காப்பாத்தத்தான் அவரு பழியை ஏத்துக்கினாரு.”

நயீம் மெல்லத் தன் கையை விடுவித்துக்கொண்டான். அலமாரியிலிருந்து பெட்டிகளைத் திரும்ப எடுக்கச் சொல்லிப் பில் போடச் சொன்னான். கிளம்பும்போது ஞானமுத்துவின் முகத்தைப் பார்க்காமல், “அண்ணா, இனிமே பிளேட்டு வேலையை வேற எடத்துல குடுத்துக்கறேன். நீங்க ஒடம்பைப் பாருங்க” என்றான்.

அவன் போனதும் பாய்க்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “எதுக்குடா திரும்பி வந்தே? போவ வேண்டியதுதானே?” என்று கத்தினார். கத்தும்போதே அவர் கண் கலங்கிவிட்டது.

மறுநாள் காலையில் ஞானமுத்து சட்டையை மாட்டிக்கொண்டு கிரேஸியின் எதிரில் வந்து நின்றார். பித்தான் ஒன்றுகூடப் போட்டிருக்கவில்லை. அவள் கேட்காமலே போட்டுவிட ஆரம்பித்தாள்.

“இது இன்னா சீக்குன்னு உனக்குத் தெரியும். டாக்டர் சொல்றதுக்கு முன்னாடி நீ சொல்லு.”

கிரேஸி நோயின் பெயரைச் சொன்னாள்.

“சரியாவுமா?”

“ஆவாதுங்க. மாத்திரை போட்டா கொஞ்ச நாளைக்குக் கட்டுல இருக்கும்.”

“மெஷின்ல உக்காரலாமா?”

கிரேஸி குனிந்தபடியே அடுத்த பித்தானைப் போட்டாள்.