பேதுருவுக்குத் தாடி ஒட்டின கதை

தாடி ஒட்டுற பொழப்புக்கு எதிரி வேர்வைன்னுதான் நெனச்சுகினு இருந்தேன் மாமு, கடைசில பாத்தா கண்ணீரு. காலேஜுக்கு பாதியில டாட்டா காட்டிட்டு, ராயபுரத்துல நாடக டிரெஸ் வாடகைக்கு வுட்ற கடையில சேந்தவன் நானு. பெரிய வெள்ளிக்கு எங்க கோயில்ல யேசு பாடுபட்ட கதைய 'பாடுகள் நாடகம்'னு போட்டா, சீடருங்க தாடி மொத்தமும் நம்ம கைதான். ஸ்கூல் ஆண்டு விழாவுல ஒட்டு மீசையோட அவஸ்தப்பட்டவங்களுக்கு இந்தக் கஷ்டம் புரியும்.

யூதாஸுக்கு ஆள் இல்ல

யேசுவா நடிக்க அடிதடி. அவரக் காட்டிக் குடுத்த யூதாஸ்னா எல்லாரும் எஸ்கேப்பு. கடைசில மணலியில டேங்கர் லாரி ஓட்ற செல்வம் அண்ணன் ஒத்துகினாரு. தாடி ஒட்ட உக்காந்தவரு காதுல குசுகுசுன்னாரு: "கண்ணு வரைக்கும் ஒட்டுடா. எனக்குப் பொண்ணு பாத்துகினு கீறாங்க, பொண்ணு வூட்ல அடையாளம் தெரிஞ்சா காலி."

மார்த்தா கோவம்

மார்த்தா வேஷம் காசிமேட்டுல மீன் விக்கிற ஜெபமாலை அக்காவுக்கு. வேலையெல்லாம் மார்த்தா தலையில கட்டிட்டு, தங்கச்சி மரியா யேசு காலாண்ட உக்காந்து கத கேக்குற சீன். யேசுவா எங்க மரியதாஸ் அண்ணன், மீன்புடி போட்டுல போய்கினு இருந்தவரு. "மார்த்தா, உன் தங்கச்சி நல்ல பங்கத் தேர்ந்துகொண்டாள்"னாரு. அக்கா தலையக் குனிஞ்சு போவணும். போகல. இடுப்புல கைய வெச்சுகினு நின்னாங்க: "சர்தான் சாமி, அப்ப நீயும் அவளும் கதையவே துன்னுங்க."

பேதுருவுக்கும் யேசுவுக்கும் பேச்சு இல்ல

பேதுருவா நடிச்சவரு சேவியர் அண்ணன். அவரும் மரியதாஸும் ஒரே போட்டு, சின்ன வயசு தோஸ்துங்க. ஆனா அந்த மாசம் பேச்சு இல்ல. கடல்ல காவல் இருக்க வேண்டிய நேரத்துல ரெண்டு பேரும் தூங்கிட்டாங்க. வலை எஞ்சின் இறக்கையில சுத்தி நாசம். "யாருடா தூங்குனது?"ன்னு ஓனர் கேக்க, சேவியர் "எனக்கு இன்னா தெரியும்"னுட்டாரு. பழி மொத்தமும் மரியதாஸ் மேல வுழுந்து, அவருக்கு வேலை போச்சு. இப்ப நாடகத்துல, யேசுவப் புடிச்சுகினு போனப்பறம், சேவல் கூவறதுக்குள்ள சேவியரு "அந்த ஆள எனக்குத் தெரியாது"ன்னு மூணு தபா சொல்லணும். ஒத்திகையில வாயே வரல. தாடி ஒட்டுறப்ப எங்கிட்ட கேட்டாரு: "ஏன்டா, யூதாஸ் வேஷம் இன்னும் காலி கீதா?"

சேவல் லேட்டு

பெரிய வெள்ளி சாயங்காலம். முன் வரிசையில போட்டு ஓனர். நாடகத்துல வேலைக்காரி 'நீ யேசுவோட ஆளுதானே'ன்னு கேட்டா, பேதுரு ரெண்டு தபா தெரியாதுன்னாரு. மூணாவது தபா, கை கட்டின யேசுவை இழுத்துகினு வந்தாங்க. ரெண்டு பேரும் நேரா பாத்துகினாங்க. சேவியருக்கு கண்ணு நெறஞ்சு, தாடி ஒரு பக்கம் தொங்குது. நான் திரைக்குப் பின்னாடி தாடி ஒட்ற கம் பாட்டிலோட துடிக்கிறேன். ஜனம் "தெரியாதுன்னு சொல்லுண்ணா!"ன்னு எடுத்துக் குடுக்குது.

மனுசன் வேலைக்காரிய வுட்டுட்டு ஓனர் பக்கம் திரும்பி, "தெரியும்! இவன் மட்டும் தூங்கல, நானும்தான் தூங்குனேன்!"னு கத்துனாரு. ஓனர் கர்சீப்ல மூக்க சிந்திகினு, ரெண்டு பேரும் திங்கக்கெழம போட்டுக்கு வாங்கடான்னு கையாலயே காட்டுனாரு. அப்பதான் ஸ்பீக்கர்ல சேவல் கூவுது. கை கட்டோட நின்ன யேசு மொறச்சாரு: "டேய் சேவி, இத்த அன்னிக்கே சொல்லியிருந்தா நான் ஏன்டா சிலுவ தூக்கறேன்?"

பைபிள்ல கீறவங்க எல்லாம் வேற ஏதோ ஊருன்னு நெனச்சவன் நான். தாடியக் கழட்டிப் பாத்தா அத்தினி பேரும் நம்ம ஏரியா ஆளுங்கதான்.